ஷட்டர்ல கடை பேரு: பெயிண்டா, ரேடியம் ஸ்டிக்கரா?

கடை போர்டு கேள்வி பதில்

போன இதழ்ல கடை போர்டு பத்தி எழுதினதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஷட்டர் பத்திதான் இருந்துச்சு, அதனால இந்தத் தடவை முழுக்க ஷட்டரையே எடுத்துக்கறேன். மதுரைல முப்பது வருஷத்துக்கு மேல பிரஷ் புடிக்கறேன், பின்னாடி ஸ்டிக்கர் வெட்டற மெஷினும் வாங்கிப் போட்டு ரெண்டு வேலையும் பாக்கறேன், அதனால ஒரு பக்கமா சாஞ்சு சொல்லணும்னு எனக்கு எந்தத் தேவையும் இல்ல.

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க மளிகைக் கடை மேற்கு பாத்த கடை. ஷட்டர் 10 அடி அகலம், 8 அடி உயரம். பெயிண்டர் மூணு நாள் வேணும்ங்கறார், ஸ்டிக்கர் கடைக்காரர் மதியத்துக்குள்ள ஒட்டி முடிச்சுத் தர்றேன்ங்கறார். எதை நம்பறது, எது நிக்கும்?
மளிகைக் கடை வாசகர், திண்டுக்கல்

பதில்: வணக்கம் தம்பி. முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, ஷட்டர் போர்டு கிடையாது. போர்டு ஒரு இடத்துல நிக்கும், வெயில் மழை தவிர அதுக்கு வேற தொந்தரவு இல்ல. ஷட்டர் தினம் ரெண்டு தடவையாவது மேல ஏறி பாய் மாதிரி சுருண்டுக்குது, அப்ப ஒவ்வொரு பட்டையும் அடுத்த பட்டையோட சேர்ற இடத்துல மடங்குது, சுருளுக்குள்ள ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து உரசுது, அந்த உரசல்ல நடுவுல தூசியும் கிரீஸும் சேர்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கற மாதிரிதான். இதையெல்லாம் தாங்கற எழுத்துதான் ஷட்டருக்கு எழுத்து.

நம்ம ஊர் ஷட்டர் பட்டை ஒண்ணு சுமாரா 3 அங்குல அகலம் இருக்கும், நடுவுல லேசா வளைஞ்சிருக்கும், ரெண்டு பட்டை கோத்துக்கற இடத்துல ஒரு பள்ளம் ஓடும். நீங்க கடை பேரை 12 அங்குல உயரத்துல ஒட்டினா ஒவ்வொரு எழுத்தும் 4 பட்டை மேல வரும். ஸ்டிக்கரை அப்படியே பள்ளத்து மேல இழுத்து ஒட்டினா மொத நாள் ஷட்டரைத் தூக்கும்போதே சுருக்கம் விழும், ஒரு வாரத்துல கிழியும். சரி, பள்ளத்துல பிளேடு விட்டு வெட்டிடலாம்னு வெட்டுவாங்க, அதுதான் பெரும்பாலும் நடக்குது. பத்து எழுத்துக்கு நாலு நாலா நாப்பது துண்டு, அந்த நாப்பது துண்டுக்கும் சுத்திச் சுத்தி ஓரம், ஸ்டிக்கர் எப்பவும் ஓரத்துலதான் பிரிய ஆரம்பிக்கும். இன்னொரு விஷயம் நிறைய பேர் கவனிக்கறதில்ல. பிளேடு ஸ்டிக்கரை மட்டும் வெட்டறதில்ல, அடியில இருக்கற பெயிண்டையும் துத்தநாகப் பூச்சையும் சேர்த்துக் கீறிடுது, அடுத்த மழைக்கு அந்தக் கீறல்லயே பழுப்பா ஒரு கோடு இறங்கும், ஒரு வருஷம் கழிச்சு ஸ்டிக்கரை உரிச்சுப் பாத்தா ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு துருக்கோடு, ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி இருக்கும். நானே அப்படி உரிச்சுப் பாத்திருக்கேன், கடைக்காரர் முகத்தைப் பாக்க கஷ்டமா போச்சு.

பெயிண்டுக்கு இந்தப் பிரச்சனை இல்ல. பிரஷ் பள்ளத்துக்குள்ளயும் இறங்கும், பட்டை பட்டையா தனியா காயும், மடங்கும்போது இழுபடறதுக்கு அதுல பொதுவான தோல்னு ஒண்ணு கிடையாது. உரசல்ல பெயிண்டும் தேயும், இல்லைன்னு சொல்லல, ஆனா தேயறது கொஞ்சம் கொஞ்சமா மங்கும், அதுக்கு மேல இன்னொரு கோட் அடிச்சா சரியாயிடும். ஸ்டிக்கர் பிஞ்சு தொங்கினா அன்னைக்கே கடை அசிங்கமா தெரியும். மேற்கு வெயில், சுருள்ற ஷட்டர், பெரிய எழுத்து, இந்த மூணும் சேர்ந்தா நான் யோசிக்காம பெயிண்ட்தான் சொல்வேன். அந்தப் பெயிண்டர் மூணு நாள் கேக்கறாருன்னா தப்பா நினைக்காதீங்க, தேய்க்க ஒரு நாள், பேஸ் கோட்டுக்கு ஒரு நாள், எழுத ஒரு நாள்னு சரியாதான் கேக்கறார். ஒரே சாயங்காலத்துல முடிச்சுத் தர்றேன்னு சொல்ற பெயிண்டரைத்தான் நீங்க சந்தேகப்படணும்.

கேள்வி: நல்ல கம்பெனி ஸ்டிக்கர்னு சொல்லித்தான் ஒட்டினாங்க, எட்டே மாசத்துல எழுத்தைச் சுத்தி கருப்பா அழுக்குக் கோடு, ஓரமெல்லாம் சுருண்டு நிக்குது. ஏமாத்திட்டாங்களா?
டெய்லர் கடை வாசகி, ஈரோடு

பதில்: ஏமாத்தினாங்கன்னு சொல்ல மாட்டேன் அக்கா, தப்பான சரக்கைத் தப்பான இடத்துல ஒட்டியிருக்காங்க. ஸ்டிக்கர் ஃபிலிம்ல பெரிய பிரிவு ரெண்டு இருக்கு. ஒண்ணு, சூடான பிளாஸ்டிக்கை உருளைகளுக்கு நடுவுல விட்டு, சப்பாத்தி தேய்க்கற மாதிரி நசுக்கி இழுத்து மெல்லிசாக்கறது, இதை கேலண்டர்டு வினைல்ம்பாங்க. இழுத்துப் பண்ணினதால அந்த இழுப்பு அதுக்குள்ளயே இருக்கும், வெயில்ல சூடானா பழைய அளவுக்குத் திரும்பப் பாக்கும், அதாவது சுருங்கும். இன்னொண்ணு, திரவமா ஊத்தி அப்படியே காய விடறது, கல்லுல ஊத்தின தோசை மாதிரி, யாரும் இழுக்கல, அதனால சுருங்கறதும் ரொம்பக் கம்மி. இது காஸ்ட் வினைல். கார் முழுக்கச் சுத்தி ஒட்டறாங்களே, அதுக்கு நல்ல கடைகள்ல போடறது இதுதான். காஸ்ட் சுமாரா 50 மைக்ரான் கனம், சாதாரண கேலண்டர்டு 80-ல இருந்து 100 மைக்ரான் வரை இருக்கும். கனமா இருக்கு ஸ்ட்ராங்கா இருக்கும்னு கடைல விரல்ல தொட்டுப் பாத்து வாங்கறாங்க பாருங்க, இங்க அது நேர் எதிர். மெல்லிசுதான் வளைவுல படுத்து உக்காரும், கனமானது நிமிரத்தான் பாக்கும்.

உங்க எழுத்தைச் சுத்தி வந்த கருப்புக் கோடு வேற ஒண்ணும் இல்ல. ஃபிலிம் அரை மில்லிமீட்டர் சுருங்கினாப் போதும், அடியில இருந்த பசை வெளிய தெரிஞ்சுடும், ரோட்டுத் தூசி பூரா அதுல போய் உக்காரும். கிட்ட போய் நகத்தால சுரண்டிப் பாருங்க, பிசுபிசுன்னு உருண்டு உருண்டு வரும். அது துடைச்சா போகாது, அடுத்த மாசம் இன்னும் அகலமாகும்.

இப்ப என்ன பண்ணலாம்னா, உரிச்சுடுங்க. ஹேர் டிரையர் வச்சு லேசா சூடு காட்டி, ஓரத்தைப் புடிச்சு நிதானமா, நேரா மேல தூக்காம மடிச்ச மாதிரி பின்பக்கமா இழுங்க. மிச்சப் பசைக்கு மண்ணெண்ணெய்ல நனைச்ச பனியன் வேஸ்ட் போட்டு அஞ்சு நிமிஷம் ஊற விட்டுத் தேய்ங்க, டிரையரை அணைச்சுத் தள்ளி வச்சுட்டு அப்புறம்தான் மண்ணெண்ணெய் டப்பாவைத் திறக்கணும், இதுல கவனம். கடைசியா சோப்புத் தண்ணி. அதுக்கு மேல பெயிண்டுல எழுதிக்கோங்க.

கேள்வி: ஷட்டருக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் சில்வர் பெயிண்ட் அடிச்சோம், பளபளன்னு நல்லா இருக்கு. அது மேலயே சிவப்புல எழுதிடலாமா?
வெல்டிங் பட்டறை வாசகர், ராஜபாளையம்

பதில்: நேரா எழுதாதீங்க தம்பி. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்றேன், ஏன்னா இதுல அடி வாங்கினவன் நான்.

அந்த சில்வர் பெயிண்ட்ல இருக்கறது அலுமினியத் தூள், தூள்ன்னா மணல் மாதிரி இல்ல, பொடிப்பொடி தகடு. அடிச்ச உடனே அந்தத் தகடெல்லாம் பெயிண்டுக்கு மேல மிதந்து வந்து, மீன் செதில் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கும். அதனாலதான் அந்தப் பளபளப்பு, அதனாலதான் துருவுக்கும் நல்ல காவல். ஆனா மேலாக இருக்கற செதிலை அடியில புடிச்சு வைக்க எதுவும் பெருசா இல்ல, உள்ளங்கையை வச்சுத் தேய்ச்சுப் பாருங்க, கை வெள்ளியாயிடும். இப்ப நீங்க அது மேல எழுதினா எழுத்து அந்தச் செதில்லதான் ஒட்டியிருக்கும், ஷட்டர்ல ஒட்டியிருக்காது. ஸ்டிக்கருக்கும் இதே கதிதான், உரிச்சுப் பாத்தா பின்னாடி பசை பூரா வெள்ளியா இருக்கும்.

தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு அரிசிக் கடைக்கு இப்படி எழுதினேன். பொங்கலுக்கு முன்னாடி எழுதிக் குடுத்தது, மஞ்சள் எழுத்து, சிவப்பு ஷேடு, ரோட்டுல போறவங்க நின்னு பாத்துட்டுப் போனாங்க. சித்திரை வர்றதுக்குள்ள எழுத்து பொருக்கு பொருக்கா உதிர ஆரம்பிச்சுடுச்சு, காலைல ஷட்டரைத் தூக்கினா வாசல்ல மஞ்சள் பொடி கொட்டிக் கிடக்கும்னு அந்தப் பெரியவர் சொல்லி அனுப்பினார். காசு வாங்காம முழுசா தேய்ச்சு மறுபடி எழுதிக் குடுத்தேன், நாலு நாள் வேலை. பெயிண்ட் மட்டம்னு யாராவது சொல்லியிருந்தா நானும் நம்பியிருப்பேன், ஆனா பெயிண்ட் நல்ல பெயிண்ட், அது உக்காந்த இடம்தான் சரியில்ல.

நீங்க பண்ண வேண்டியது, எழுத்து வர்ற இடத்தை மட்டும் ஒரு பெட்டி மாதிரி மார்க் பண்ணி, சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டி, 220 நம்பர் உப்புத்தாள்ல சில்வர் போய் அடி நிறம் தெரியற வரைக்கும் தேய்ங்க, தூசியைத் துடைச்சுட்டு மெட்டல் பிரைமர் ஒரு கோட், மேல சாதா எனாமல் ரெண்டு கோட், கருநீலமோ வெள்ளையோ உங்க இஷ்டம். அந்தப் பெட்டிக்குள்ள எழுதுங்க. சுத்தி சில்வர், நடுவுல கலர் பெட்டின்னு பாக்கவும் எடுப்பா இருக்கும்.

கேள்வி: புது ஷட்டர், ஜிஐ பட்டை, போன வாரம்தான் மாட்டினாங்க. கடலுக்கு ரொம்பப் பக்கத்துல கடை. துருவே புடிக்காதுன்னு சொன்னாங்க, அப்ப பிரைமர் எதுக்குன்னு எங்க பெயிண்டர் கேக்கறார்.
ஐஸ் கட்டி வியாபாரி, தூத்துக்குடி

பதில்: துருவுக்காக மட்டும் இல்லண்ணே பிரைமர். ஜிஐன்னா இரும்பு மேல துத்தநாகம் முக்கின தகடு, புதுசுல வழவழன்னு இருக்கும். அது மேல சாதா எனாமலை நேரா அடிச்சா மொதல்ல நல்லாத்தான் ஒட்டும், ஆனா எனாமல்ல இருக்கற எண்ணெய்ச் சத்தும் துத்தநாகமும் ஈரத்துல சேர்ந்து நடுவுல சோப்பு மாதிரி ஒரு மெல்லிய படலம் உண்டாகிடும், அப்புறம் பெயிண்ட் தாள் மாதிரி முழுசு முழுசா உரிஞ்சு வரும். அரிசிக் கடை எழுத்து மாதிரி பொடியா உதிராது, கை அகலத்துக்கு உரிஞ்சு வரும், அதை வச்சே காரணத்தைக் கண்டுபுடிச்சுடலாம். அதனால ஜிஐக்குன்னே இருக்கற எட்ச் பிரைமர், இல்ல ஜிங்க் பாஸ்பேட் இருக்கற, ரெண்டு டப்பாவா வந்து அடிக்கும்போது ஒண்ணா கலக்கற எபாக்சி பிரைமர் வாங்கிப் போடச் சொல்லுங்க. கேட் கம்பிக்கு அடிக்கற ரெட் ஆக்சைடு இதுக்கு வேலைக்கு ஆகாது. பெயிண்ட் கடைல ஜிஐ ஷட்டருக்குன்னு தெளிவா சொல்லிக் கேளுங்க.

கடலோரத்துக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கு. அடிக்கறதுக்கு முன்னாடி ஷட்டரை நல்ல தண்ணி விட்டுக் கழுவி உப்பைப் போக்கணும், துடைச்சா போதாது, கழுவணும், காஞ்ச அன்னைக்கே பிரைமர் போட்டுடணும், ராத்திரி விட்டா மறுபடி உப்புக் காத்து படிஞ்சுடும். புதுப் பட்டைல எண்ணெய் இருக்கும், மாட்டினவங்க சைடு சேனல்ல வச்ச கிரீஸும் இழுபட்டு வந்திருக்கும், தின்னர் போட்டு அதைத் துடைச்சுட்டு அப்புறம் சோப்புத் தண்ணி. மாசம் ஒரு தடவை ஒரு பக்கெட் நல்ல தண்ணி ஊத்திக் கழுவி விட்டீங்கன்னா எழுத்தும் ஷட்டரும் ரெண்டுமே கூட வருஷம் வரும்.

கேள்வி: எழுத்து எந்த உயரத்துல, எவ்வளவு பெருசா வரணும்? எங்க கடை பேர்ல மெய்யெழுத்து நிறைய, ஏற்கெனவே ஒட்டின ஸ்டிக்கர்ல புள்ளியெல்லாம் விழுந்துடுச்சு.
எலக்ட்ரிக்கல் கடை வாசகர், கும்பகோணம்

பதில்: இந்தப் புள்ளி விஷயத்தை நீங்க கேட்டது ரொம்ப சந்தோஷம், யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. தமிழ் எழுத்துல புள்ளிதான் உள்ளதுலயே சின்ன துண்டு, ஸ்டிக்கர்ல அதுக்குப் புடிமானமே ரூபாய்க் காசு அளவு இடம்தான், அது போய் பட்டை சேர்ற பள்ளத்துல உக்காந்தா ஒரு மாசம் தாங்காது. இங்கிலீஷ்ல ஐ எழுத்து மேல இருக்கற புள்ளி போனாலும் படிச்சுடலாம், நமக்குப் புள்ளி போனா எழுத்தே வேற. எங்க ஏரியாவுல ஒரு கடைக்குப் பேரு சக்தின்னு ஆரம்பிக்கும், க் மேல இருந்த புள்ளி விழுந்து கொஞ்ச நாள் சகதின்னு நின்னுச்சு, அந்தக் கடைக்காரம்மா அழாத குறையா வந்து நின்னாங்க. மாமனார் வச்ச பேரு அது. அன்னைக்கே போய் பிரஷ்ல புள்ளி வச்சுக் குடுத்தேன்.

அதனால தமிழ்ல எழுதும்போது மொதல்ல நேர்கோடு போட நூல் அடிக்கறதுக்கு முன்னாடி பட்டைகளை எண்ணுங்க. எழுத்தோட உடம்புக்கு 3 பட்டைன்னா 9 அங்குலம், மேல புள்ளிக்கும் கி, கீ-ல சுத்தற வளைவுக்கும் ஒரு முழுப் பட்டை, கீழ ழு, ரு-க்குத் தொங்கற பாகத்துக்கு ஒரு முழுப் பட்டை, ஆக 5 பட்டை. புள்ளி எப்பவும் அந்த மேல் பட்டையோட நடு வயித்துல, வளைவு வெளிய தள்ளி நிக்கற இடத்துல வரணும். ட, ப மாதிரி எழுத்துக்கு அடியில வர்ற படுக்கைக் கோடு பள்ளத்துல விழக்கூடாது, விழுந்தா தூரத்துல இருந்து பாக்கும்போது அந்தக் கோடே காணாமப் போயிடும், அதை அரை அங்குலம் மேலயோ கீழயோ தள்ளிடுங்க, கண்ணுக்குத் தெரியாது. நின்ன கோடுகளுக்கு இந்தக் கவலையே இல்ல.

தூரத்துக்கு, 1 அங்குல எழுத்து 10 அடி தூரத்துல நல்லாத் தெரியும்னு போர்டு தொழில்ல ஒரு பழைய கணக்கு உண்டு, அது இங்கிலீஷ் பெரிய எழுத்துக்குச் சொன்னது. நம்ம ண, ஞ, ணை எல்லாம் உள்ளுக்குள்ள சுழி நிறைஞ்ச எழுத்து, நான் 7 அடின்னுதான் கணக்கு வைப்பேன். அப்ப 9 அங்குல எழுத்து சுமாரா 60 அடில இருந்து படிக்கலாம், எதிர் பிளாட்பாரத்துக்குத் தாராளம். சுழிக்கு உள்ள இருக்கற வெள்ளை இடத்தை அடைச்சுடாதீங்க, கோட்டைத் தடிமனாக்கினா தூரத்துக்குத் தெரியும்னு நினைச்சு ண-வை ஒரு கட்டியா எழுதி வச்சிருக்கறதை நிறைய கடைல பாக்கறேன்.

உயரம்னு கேட்டா, பேரு நாலடிக்கும் ஆறடிக்கும் நடுவுல. ரொம்பக் கீழ போனா பைக் நிறுத்தி மறைப்பாங்க, மழைச் சேறு தெறிக்கும்.

கேள்வி: இங்கிலீஷ்லயும் பேர் வேணும்னு பையன் சொல்றான். எது மேல, எது கீழ?
பேக்கரி வாசகர், நாமக்கல்

பதில்: தமிழ் மேல, பெருசா. 1948-ஆம் வருஷத்து தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகள்ல 15-வது விதி பேர்ப்பலகையைப் பத்தினது, தமிழ் முதல்ல, எடுப்பா இருக்கணும், அப்புறம் இங்கிலீஷ், அப்புறம் மத்த மொழி, 5-க்கு 3-க்கு 2-ங்கற அளவுல. ஷட்டர்லயும் அதே கணக்கை வச்சுட்டா போர்டும் ஷட்டரும் ஒரே மாதிரி இருக்கும். பட்டைக் கணக்குலயும் இது அழகா ஒத்துவரும், தமிழுக்கு மேல சொன்ன மாதிரி 5 பட்டை, இங்கிலீஷுக்கு 3 பட்டை.

கேள்வி: எழுதி முடிச்சு மறுநாள் காலைல ஷட்டரைத் தூக்கினோம், சாயங்காலம் இறக்கினா எழுத்து பின்பக்கமெல்லாம் ஒட்டி அச்சு விழுந்து நாசமாயிடுச்சு. தொட்டா ஒட்டலையே, காஞ்சிருந்துச்சே?
பெட்டிக்கடை வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: தொட்டா ஒட்டலைங்கறது மேல் தோல் காஞ்சது மட்டும்தான் தம்பி. எனாமல் தொடற அளவுக்கு ரெண்டு மூணு மணி நேரத்துல காஞ்சுடும், கெட்டியா காய சுமாரா ஒரு நாள், ஆனா சுருளுக்குள்ள அழுத்தம் தாங்கற அளவுக்கு இறுக ஒரு வாரத்துக்குப் பக்கமா ஆகும், மழைக்காலம்னா இன்னும் கூட. கனமா அடிச்சிருந்தா உள்ளுக்குள்ள பச்சையாவே இருக்கும். மேல சுருண்டதும் பகல் சூட்டுல பெயிண்ட் இளகி அடுத்த சுத்தோட முதுகுல ஒட்டிக்கும், இறக்கும்போது பிச்சுக்கிட்டு வரும்.

கடையைப் பூட்டி வைக்கவும் முடியாது, அது எனக்கும் தெரியும். அதுக்கு ஒரு வழி சொல்றேன். எழுத்தைக் கீழ்ப்பாதிலயே வரச் சொல்லிடுங்க. ஷட்டர் மேல இருந்துதான் சுருள ஆரம்பிக்கும், 8 அடி ஷட்டரை 5 அடி தூக்கினா மேல இருக்கற 5 அடிதான் சுருளுக்குள்ள போகும், கீழ 3 அடி அப்படியே வாசல்ல தொங்கும், எழுத்து அந்த 3 அடிக்குள்ள இருந்தா எதுலயும் படாது. ஒரு வாரம் குனிஞ்சு போயிட்டு வந்துக்க வேண்டியதுதான், பெட்டிக்கடைன்னா அது கூட வேணாம். நாலடிக்கு மேலதான் பேர் வைக்கணும்னு இப்பதானே சொன்னேன்னு கேப்பீங்க, வாஸ்தவம், ஒரு வாரம் மூடி வைக்க முடியாதவங்களுக்கு மட்டும் இது. மூட முடிஞ்சவங்க ஊர்த் திருவிழா, குடும்பத்தோட வெளியூர்ப் பயணம்னு நாளைப் பாத்து வச்சுக்கோங்க. ஒவ்வொரு கோட்டும் மெல்லிசா, கோட்டுக்குக் கோட் ஒரு நாள் இடைவெளி. ஐப்பசி, கார்த்திகைல ஷட்டர் வேலையே வேணாம், தை மாசத்துக்குத் தள்ளுங்க. வெயில் நாள்லயும் மேற்கு பாத்த ஷட்டரை மதியத்துக்கு மேல தொடாதீங்க, தகடு கொதிக்கும், பிரஷ் இழுக்கவே வராது, கோடு நடுங்கும். விடிகாலைல ஆரம்பிச்சு பத்து மணிக்குள்ள அன்னைக்கு வேலையை முடிச்சுடணும்.

கார் பெயிண்ட் கடைல விக்கற ரெண்டு டப்பாவைக் கலந்து அடிக்கற பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் சீக்கிரம் இறுகும், உரசலும் நல்லாத் தாங்கும், ஸ்டென்சில் வச்சு ஸ்பிரே பண்றவங்க அதைத்தான் போடறாங்க. விலை அதிகம். அதை ஸ்பிரே பண்ணும்போது வர்ற புகை நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல், கைக்குட்டை கட்டிக்கிட்டு அடிக்கற பசங்களைப் பாத்தா எனக்கு வயிறு கலங்குது, அதுக்குன்னு இருக்கற ஃபில்டர் மாஸ்க் போட்டவரை மட்டும் வேலைக்கு விடுங்க.

கேள்வி: அப்பா காலத்து ஷட்டர், 35 வருஷம் இருக்கும், அஞ்சாறு கோட் பெயிண்ட் ஏறியிருக்கு. கிரைண்டர் போட்டு எல்லாத்தையும் எடுத்துடலாமா?
பாத்திரக் கடை வாசகர், காரைக்குடி

பதில்: கிரைண்டர் வேணாம். பழைய எனாமல்ல, குறிப்பா மஞ்சள், ஆரஞ்சு, பச்சைல, ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். நம்ம நாட்டுல வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுங்கற சட்டம் 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. அந்தத் தூள் காத்துல பறந்தா உங்களுக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைங்களுக்கும் ஆகாது. பொருக்கு விட்ட இடத்தை மட்டும் தண்ணி தொட்டு வாட்டர் பேப்பர்ல தேய்ங்க, ஈரத்துல தூசி பறக்காது, தேய்ச்ச சேறை வழிச்சு ஒரு கவர்ல கட்டிடுங்க. நல்லா ஒட்டியிருக்கற பழைய பெயிண்டை விட சிறந்த அடிப்படை கிடையாது, அது அஞ்சாறு கோட்டா இருந்தாலும் சரி, 320 நம்பர் வாட்டர் பேப்பர்ல, தண்ணி தொட்டே சொரசொரப்பாக்கிட்டு மேல அடிச்சுக்கலாம்.

கேள்வி: ஒரு கம்பெனிக்காரங்க அவங்க விளம்பரத்தோட எங்க பேரையும் ஷட்டர்ல இலவசமா எழுதித் தர்றோம்னு கேக்கறாங்க.
செல்போன் ரீசார்ஜ் கடை வாசகர், பழனி

பதில்: என் மனசுல பட்டதைச் சொல்றேன், வேணாம். முக்கால்வாசி ஷட்டர் அவங்க பேரு, கீழ ஓரத்துல உங்க பேரு, பெரும்பாலும் தூசி கூட துடைக்காம ஒரே கோட், ஒரே தெருவுல இருவது ஷட்டர் ஒரே கலர்ல இருக்கும், அதுல உங்க கடை எதுன்னு உங்க வாடிக்கையாளரே தேடணும். ஒத்துக்கறதா இருந்தா பிரைமர் போடுவீங்களா, மங்கினா திரும்ப அடிப்பீங்களா, என் பேரு எவ்வளவு பெருசுன்னு எழுதி வாங்கிக்கோங்க, அதுக்கு விளம்பர அனுமதி ஏதாவது எடுக்கணுமான்னு நகராட்சி ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கேள்வி: எந்தக் கலர் சீக்கிரம் வெளுக்காது?
பூக்கடை வாசகி, நிலக்கோட்டை

பதில்: வெள்ளை, கருப்பு, கருநீலம், செங்காவி. சிவப்பு வெயில்ல ரோஸாயிடும், ரேடியம் ஸ்டிக்கர்ல வர்ற பளீர் ஆரஞ்சு, பளீர் பச்சையெல்லாம் சில மாசத்துலயே செத்துடும். உங்களுக்குச் சிவப்பு ஆசைன்னா வெள்ளை எழுத்துக்குச் சிவப்புல ஷேடு போடச் சொல்லுங்கம்மா, மங்கினாலும் எழுத்து நிக்கும்.

கேள்வி: அப்ப ஸ்டிக்கரே ஷட்டருக்கு ஆகாதா? நான் ஸ்டிக்கர் தொழில்தான் பண்றேன், அதனால கேக்கறேன்.
வாசகர், சிவகாசி

பதில்: ஆகும் தம்பி, இடம் பாத்து. ஒரே பட்டைக்குள்ள அடங்கற எதையும் தைரியமா ஒட்டுங்க. 3 அங்குலப் பட்டைல 2 அங்குல உயரத்துக்கு போன் நம்பர் ஒட்டினா எந்தப் பள்ளத்தையும் தாண்டாது, வெட்ட வேண்டாம், மடங்காது. நம்பர் மாறினா உரிச்சுட்டு வேற ஒட்டிக்கலாம், பெயிண்டுல அது சிரமம். நானே இப்ப பேரை பிரஷ்ல எழுதிட்டு நம்பரை ஸ்டிக்கர்லதான் போடறேன்.

பேரையும் ஸ்டிக்கர்லதான் போடணும்னு கஸ்டமர் புடிவாதமா நின்னா, கம்ப்யூட்டர்லயே எழுத்தைப் பட்டை அளவுக்குத் துண்டாக்கி, பள்ளத்துக்கு மேலயும் கீழயும் 3 மில்லிமீட்டர் விட்டு பிளாட்டர்ல, அதாவது ஸ்டிக்கர் வெட்டற மெஷின்ல வெட்டிக்கோங்க, ஷட்டர்ல பிளேடு படவே கூடாது. கூர் மூலையெல்லாம் லேசா உருட்டி விடுங்க, கூர் மூலைதான் மொதல்ல தூக்கும். காஸ்ட் ஃபிலிம்தான், தண்ணி தெளிக்காம ஒட்டணும், வளைவுல ஹீட் கன் காட்டி ஃபெல்ட் துணி வச்ச ஸ்குவீஜியால (ஸ்டிக்கரை அழுத்தித் தேய்க்கற பட்டை) அழுத்தி விடணும். அடியில சில்வர் பெயிண்ட்னா ஒட்டவே ஒட்டாதீங்க, புது எனாமல்னா குறைஞ்சது மூணு வாரம் போகட்டும், பெயிண்ட்ல இருந்து வர்ற ஆவி ஸ்டிக்கர் அடியில கொப்புளம் கொப்புளமா நிக்கும்.

இன்னொண்ணு, என்ன எழுதறதுன்னும் கஸ்டமர்கிட்ட பேசுங்க. கடை தொறந்திருக்கும்போது ஷட்டர் மேல போயிடுது, அதுல இருக்கறதை யாரும் பாக்கறதே இல்ல, கடை மூடியிருக்கும்போது வந்து நிக்கறவர்தான் அதைப் படிக்கறார். அவருக்கு எங்களிடம் சகலவிதமான பொருட்களும் கிடைக்கும்ங்கற வரி தேவையில்ல. எப்ப தொறப்பாங்க, என்னைக்கு லீவு, அவசரத்துக்கு எந்த நம்பர், அவ்வளவுதான் தேவை. போன மாசம் ஒரு மருந்துக் கடைக்கு எழுதினேன், பேருக்குக் கீழ ராத்திரி அவசரத்துக்குன்னு போட்டு நம்பரை அஞ்சு அஞ்சா பிரிச்சு, தெரு விளக்கு விழற பக்கமா ஒரே பட்டைல ரெஃப்ளெக்டிவ் ஸ்டிக்கர்ல ஒட்டிக் குடுத்தேன். ராத்திரி பைக்ல வர்றவர் ஹெட்லைட் பட்டாலே அந்த நம்பர் மட்டும் எரியற மாதிரி தெரியுது.